வேலூரில் மாத வாடகை அறை: சிறுநீரக மாற்று அறுவைக்குப் பிறகு தங்குவோர் பார்வையில்

வேலூர் காந்தி ரோட்டிலும் பாபு ராவ் தெருவிலும் அவற்றை ஒட்டிய சந்துகளிலும் நெருக்கியடித்து நிற்கும் லாட்ஜ்கள், கோட்டையைப் பார்க்க வருகிறவர்களை நம்பிக் கட்டப்பட்டவை அல்ல. இந்தியாவில் சிறுநீரக மாற்று அறுவை முதன்முதலாக வெற்றிபெற்றது 1971-இல், இவ்வூர் சி.எம்.சி. மருத்துவமனையில். அந்தப் பெயரைக் கேட்டு வங்காளம், அசாம், திரிபுரா, ஜார்க்கண்ட் பக்கங்களிலிருந்து காட்பாடியில் வந்து இறங்குகிறவர்கள் வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் தங்க வேண்டியிருப்பதால், இந்த லாட்ஜ்களில் அறைக்குள்ளேயே சமையல் மேடை இருக்கிறது. கேஸ் அடுப்பும் பாத்திரங்களும் வாடகைக்குக் கிடைக்கின்றன. பெயர்ப்பலகைகளில் தமிழுக்கு மேலே வங்காள எழுத்து நிற்கிறது. அப்படிப்பட்ட ஒரு லாட்ஜில், மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டு வார்டிலிருந்து வெளியே வந்த என் நண்பருக்குத் துணையாக ஏறக்குறைய மூன்று மாதம் இருந்தேன். அந்த இடத்தைப் பற்றிய மதிப்பீடு இது. குறைகளும் சொல்லப்போவதால் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். இதே அமைப்பில் அக்கம்பக்கத்தில் பல லாட்ஜ்கள் இருப்பதால், எதைப் பார்த்து அறை பிடிக்க வேண்டும் என்பதற்கு இது பயன்படலாம்.

சிறுநீரகம் கொடுத்தவர் நண்பருடைய அம்மா. அவரும் அறுவையிலிருந்து தேறிவர வேண்டியவர் என்பதால் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். நண்பரின் மனைவி யு.கே.ஜி. படிக்கும் மகனோடு போளூரிலேயே இருந்துகொண்டார். பள்ளிக்குப் போகும் குழந்தை கொண்டுவரும் சளியும் காய்ச்சலும் நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு எவ்வளவு ஆபத்தானவை என்று டாக்டர் சொன்ன பிறகு, அந்த முடிவை யாரும் மறுபடி பேசவில்லை. ஆக, அட்டெண்டர் வேலை என்னிடம் வந்தது. சமையலில் எனக்குத் தெரிந்தது ரசம், பருப்பு, உப்புமா ஆகிய மூன்று மட்டுமே என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். இந்த மதிப்பீட்டில் சமையலறைக்கு நான் கொடுக்கும் இடம் அதனாலும் இருக்கலாம்.

மருத்துவமனைக்கு எவ்வளவு பக்கம் என்பதைத்தான் எல்லா லாட்ஜ்காரர்களும் முதலில் சொல்கிறார்கள். இந்த லாட்ஜும் நடக்கும் தூரத்தில்தான் இருக்கிறது. ஆனால் முதல் சில வாரம் நண்பரை அந்தக் கூட்டத்தில் நடக்கவிட முடியாது என்பதால் ஆட்டோதான் பிடித்தோம். இரண்டு தெரு தள்ளி இருந்திருந்தாலும் எங்களுக்கு ஒன்றும் குறைந்திருக்காது. உண்மையில் உதவியது அறைக்குள் இருந்த அடுப்பு. காரணம், புதிய சிறுநீரகத்தை உடம்பு எதிர்க்காமல் தடுக்கும் டாக்ரோலிமஸ் என்ற மாத்திரை. காலை எட்டு, இரவு எட்டு என்று பன்னிரண்டு மணி நேர இடைவெளியில், முடிந்தவரை வெறும் வயிற்றில் அதைச் சாப்பிட வேண்டும். சாப்பாடு அதற்கு ஒரு மணி நேரமாவது கழித்துத்தான். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, இரத்தத்தில் அந்த மருந்தின் அளவைப் பார்க்கும், நோயாளிகள் வழக்கில் 'லெவல் பார்க்கிற நாள்' என்று சொல்லப்படும் நாட்களில், காலை மாத்திரையைப் போடாமலேயே போய் இரத்தம் கொடுத்துவிட்டு, கையோடு கொண்டுபோன மாத்திரையை அங்கேயே விழுங்கிவிட்டுத் திரும்ப வேண்டும். வரிசை நீண்டு நாங்கள் அறைக்கு வரும்போது, கீழே உள்ள மெஸ்ஸில் இட்லி ஆறிப்போயிருக்கும். அதோடு சேர்த்துச் சாப்பிடும் ஸ்டீராய்டு மாத்திரை கிளப்பிவிடும் பசியோ காத்திருக்காது. அப்போது பத்து நிமிடத்தில் சூடாக ஒரு உப்புமா கிண்டிக் கொடுக்க முடிந்ததே அந்த அறைக்கு நான் கொடுத்த வாடகைக்குப் போதும் என்று தோன்றியிருக்கிறது.

மெஸ்ஸும் மோசமில்லை. சமைக்கும் அக்கா குடியாத்தத்துக்காரர். வடநாட்டுக் குடும்பங்களுக்காகக் கடுகெண்ணெய் மீன் குழம்பும் கற்றுவைத்திருக்கிறார். நண்பருக்கு என்றால் உப்பைக் குறைத்து, சட்னி வைக்காமல், கொதிக்கக் கொதிக்க சாம்பார் மட்டும் தனிக் கிண்ணத்தில் அனுப்புவார். பச்சைத் தேங்காய்ச் சட்னி, நறுக்கிவைத்த பழம், வெங்காயப் பச்சடி இவை எதுவும் கூடாது என்பதை ஒருமுறை சொன்னதோடு சரி. மறுமுறை சொல்ல வேண்டியிருக்கவில்லை. மாற்று அறுவை நோயாளிகளை எத்தனையோ பேரைப் பார்த்துப் பழகிய கை அது.

தண்ணீர் விஷயத்தில் லாட்ஜ் பாதிதான் தேறுகிறது. புதிய சிறுநீரகத்துக்கு நீர் குறையக் கூடாது என்று நண்பருக்கு நாளொன்றுக்கு மூன்று லிட்டர் குடிக்கச் சொல்லியிருந்தார்கள். குடித்ததையும் வெளியே போனதையும் அளவு ஜாடியில் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். குழாயில் வருவது உப்பேறிய போர் தண்ணீர். குளிக்கவும் துவைக்கவும் மட்டுமே ஆகும். குடிக்க இருபது லிட்டர் கேன் வாடகையிலேயே அடக்கம் என்பது நல்ல ஏற்பாடு. ஆனால் கேனை அப்படியே குடிக்கவிட எனக்கு மனம் வராததால் எல்லாவற்றையும் கொதிக்கவைத்து ஆற்றினேன். ஒற்றை பர்னர் அடுப்பில் சமையலும் வெந்நீரும் ஒன்றோடொன்று மோதின. இரண்டு பர்னர் அடுப்பு கூடுதல் வாடகைக்குக் கிடைக்கும் என்பதை, தங்கிய மாதங்களில் பாதி போன பிறகு பக்கத்து அறைக்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்; வரவேற்பில் இருப்பவர்கள் அறை கொடுக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும்.

பெரிய குறை வேறு. நாங்கள் வந்த இரண்டாம் வாரம் மொட்டை மாடியில் கூடுதலாக ஒரு தளம் எழுப்ப ஆரம்பித்தார்கள். மணல், சிமென்ட், சுவர் இடிக்கும் தூள் எல்லாம் படிக்கட்டு வழியாக இறங்கி வந்து வராந்தாவில் படிந்தன. கட்டட வேலை நடக்கும் இடத்துப் புழுதியில் இருக்கும் ஒருவகைப் பூஞ்சையின் வித்துகளை நல்ல உடம்பு கண்டுகொள்ளாது. எதிர்ப்புச் சக்தியை மாத்திரையால் அடக்கி வைத்திருக்கும் உடம்பில் அவை நுரையீரலைத் தாக்கக்கூடும். டிஸ்சார்ஜ் ஆகும்போதே, கட்டட வேலை நடக்கும் இடத்துக்கும் தொட்டி மண்ணுக்கும் போகாதீர்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். நோயாளிகளை நம்பியே பிழைக்கும் ஒரு லாட்ஜ் இதை அறியாதிருக்க நியாயமில்லை. புகார் சொன்னதும் எங்களைப் பின்பக்க அறைக்கு மாற்றினார்கள். வராந்தாவை ஈரத்துணியால் துடைக்க ஆள் போட்டார்கள். வாடகையிலும் கொஞ்சம் குறைத்துக்கொண்டார்கள். வேலையை மட்டும் நிறுத்தவில்லை. நண்பர் வராந்தாவில் காலையும் மாலையும் நடந்துகொண்டிருந்தது அதோடு நின்றது. அறைக்குள் கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவே, மாஸ்க்கைக் கழற்றாமல், கூண்டுக்குள் நடப்பதுபோல் நடந்துகொண்டிருந்தார்.

மருந்து வாங்கித் தரும் சேவையைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். சீட்டைக் கொடுத்தால் ரூம்பாய் தெருமுனை மருந்துக்கடையிலிருந்து வாங்கிவந்து கொடுத்துவிடுவார். அதற்குத் தனிக் காசும் கிடையாது. காய்ச்சல் மாத்திரைக்கும் பஞ்சுக்கும் இது வசதிதான். ஒருநாள் கவரைப் பிரித்துப் பார்த்தபோது டாக்ரோலிமஸ் அட்டையின் நிறம் மாறியிருந்தது. கடைக்குப் போய்க் கேட்டேன். "அதே மருந்துதான் சார், கம்பெனிதான் வேற. அது ஸ்டாக் இல்ல" என்றார் கடைக்காரர். இந்த மருந்தின் அளவு இரத்தத்தில் கொஞ்சம் குறைந்தால் உடம்பு புதிய சிறுநீரகத்தை எதிர்க்கத் தொடங்கும். கொஞ்சம் கூடினால் அதே சிறுநீரகத்தை மருந்தே கெடுக்கும். கம்பெனி மாற்றுவதென்றால் டாக்டருக்குத் தெரிந்து, லெவலை மறுபடி பார்த்துத்தான் மாற்ற வேண்டும். அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கையில் நான்கு நாள் மாத்திரை மிச்சம் இருந்ததால் பதறவேண்டியிருக்கவில்லை. அதன் பிறகு எதிர்ப்பு அடக்கும் மாத்திரைகளை மருத்துவமனை மருந்தகத்திலேயே நான் நேரில் வாங்கினேன். மற்றவர்களும் அப்படியே செய்வது நல்லது.

இரவுகள் எப்படி என்று யாரும் விசாரிப்பதில்லை, விசாரிக்க வேண்டும். ஸ்டீராய்டு பசியைக் கிளப்புவதோடு நிற்காமல் தூக்கத்தையும் கெடுத்துவிடுகிறது. நண்பர் இரவு இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவை, கடைசியாக வந்ததை அதற்கு முந்தையதோடு ஒப்பிட்டுக்கொண்டிருப்பார். பிறகு காரணமில்லாமல் என் மேல் எரிந்து விழுவார். விடிந்ததும் தானே வருத்தப்படுவார். அறை ஒன்றாக இருந்தாலும் நடுவில் பாதி உயரத்துக்கு ஒரு தடுப்புச் சுவர் இருந்ததால், அவர் விளக்கைப் போட்டுக்கொள்ளவும் நான் கண்ணை மூடிக்கொள்ளவும் முடிந்தது. துணைக்கு இருப்பவன் தூங்கினால்தான் காலையில் மாத்திரை டப்பாவைச் சரியாக நிரப்ப முடியும். மின்சாரம் போனால் ஜெனரேட்டர் விளக்கு, மின்விசிறி, லிஃப்ட் மூன்றையும் தாங்குகிறது, ஏ.சி.யைத் தாங்காது. வேலூர் வெயிலை அறிந்தவர்கள் சித்திரை, வைகாசியில் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஓர் இரவு காய்ச்சல் நூறைத் தாண்டியபோது, கீழே காவலுக்கு இருந்த பெரியவர் நான் படி இறங்கி வருவதற்குள் கேட்டைத் திறந்து ஆட்டோவை வாசலில் நிறுத்தியிருந்தார். சிறுநீர்த் தொற்றுதான் என்று தெரிந்து, சிகிச்சை முடிந்து சில நாளில் அறைக்குத் திரும்பினோம்.

இந்த லாட்ஜை நான் மெச்சுவது முக்கியமாக மேனேஜருக்காக. ஆப்பரேஷன் முடிந்தவரைப் பார்க்காமல் இருப்பது நம் ஊர் வழக்கமில்லை. பழக்கூடையோடும் பிள்ளைகளோடும் வேன் எடுத்து வந்துவிடுகிறார்கள். தாய்மாமனை வரவேண்டாம் என்று நண்பரால் சொல்ல முடியாது. நான் சொன்னால் யாரோ ஒருவன் தடுக்கிறான் என்று ஆகிவிடும். மேனேஜர் வரவேற்பிலேயே நாற்காலி போட்டு உட்காரவைத்து, காபி வரவழைத்து, "ஐயா, பெரிய டாக்டர் ஆர்டர். மேல விட்டா என்னைத்தான் கேப்பாங்க. இங்கயே உக்காருங்க, அவரு வீடியோல வருவாரு" என்பார். ஒரே கட்டடத்துக்குள் மாடியும் கீழுமாக வீடியோவில் பேசிக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார் மாமா. மனத்தாங்கல் எதுவும் இல்லை. பழக்கூடையில் இருந்த பம்ளிமாஸை மட்டும் மேனேஜரே எடுத்துவைத்துக்கொண்டார். அது டாக்ரோலிமஸின் அளவைக் கூட்டிவிடக்கூடும் என்பது அவருக்கு எப்படியோ தெரிந்திருந்தது.

மாத வாடகை பதினைந்தாயிரம். மின்சாரம் தனி மீட்டர். முன்பணம் ஒரு மாத வாடகை, காலி செய்யும் அன்றே திரும்பக் கிடைத்தது. சிறுநீரகம் பொருத்திய முதல் மாதத்துக்கு, கட்டட வேலை முடியும்வரை, இந்த இடத்தைப் பரிந்துரைக்க மாட்டேன். அறுவையின்போது சிறுநீர்ப் பாதையில் வைத்த ஸ்டென்ட் என்ற சிறு குழாயை எடுத்து, இரத்தப் பரிசோதனை வாரம் ஒருமுறையாகக் குறைந்தபின் தங்க வருகிறவர்கள் தாராளமாக வரலாம். தெருப்பக்க அறையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இரண்டாம் மாடியில் பின்பக்கம் தடுப்புச் சுவர் உள்ள அறையைக் கேளுங்கள். முன்பணம் கொடுக்கும் முன் மொட்டை மாடி வரை ஒருமுறை ஏறிப் பார்த்துவிடுங்கள். இரண்டு பர்னர் அடுப்பை முதல் நாளே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.