செவிலியர் பயிற்சியில் விஆர் ஹெட்செட்: வேலூரில் இரண்டு ஆண்டுப் பயன்பாடு

வேலூரை அடுத்த ஒரு நர்சிங் கல்லூரியின் செய்முறைக் கூடத்தில், மெட்டா குவெஸ்ட் 2 என்னும் விஆர் (மெய்நிகர்) ஹெட்செட்டுகள் நான்கை இரண்டு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். கண்ணை மூடி அணிந்தால், கணினி உருவாக்கிய வார்டும் நோயாளியும் நேரில் இருப்பதுபோல் தெரியும் கருவி இது. வாங்கிய புதிதில் எழுதியிருந்தால் வியப்பை மட்டுமே எழுதியிருப்பேன். இரண்டு பேட்ச் மாணவியர் அதில் பயின்று வார்டுக்குச் சென்றுவிட்ட பிறகு, அது எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதை உறுதியாகச் சொல்ல முடிகிறது.

இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு குறைந்துகொண்டே வரும் நோயாளியை, வார்டில் ஒரு முதலாண்டு மாணவியிடம் தனியாக ஒப்படைக்க இயலாது. அவர் சீனியர்களுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பார், அவ்வளவுதான். ஹெட்செட்டுக்குள் அந்த நோயாளிக்கு அவர் ஒருவர்தான் நர்ஸ். கடந்த ஆண்டு ஒரு மாணவி, மூச்சுத் திணறும் நோயாளியைப் படுத்த நிலையிலேயே விட்டுவிட்டு, கேஸ் ஷீட்டைத் தேடிக்கொண்டிருந்தார். பயிற்சி முடிந்ததும் அவரை உட்காரவைத்து, நடந்ததை ஒவ்வொன்றாகப் பேசினோம். மறுநாள் அதே காட்சியில் முதல் வேலையாகக் கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தினார். டாக்டரை அழைத்துக்கொண்டே ஆக்சிஜன் மாஸ்க்கை எடுத்தார். இந்த வரிசை கைக்கு வருவதற்காகவே இக்கருவியை வாங்கலாம் என்பது என் கருத்து. ஆனால், கழற்றியபின் பேசும் அந்தப் பத்து நிமிடம் இல்லையென்றால், செய்த தவறே பழகிப்போய்விடும்.

கைத்திறனுக்கு இது போதாது. வார்டில் எல்லோரும் ‘நரம்பு’ என்று சொல்லும் சிரை, திரையில் நீலக் கோடாகத் தெளிவாகத் தெரிகிறது. உண்மையான கையில் அதைக் கண் தேடுவதைவிட விரல் நுனிதான் தேடுகிறது. அழுத்தினால் அமுங்கி மீளும் அந்த மெத்தென்ற உணர்வைக் கையிலுள்ள கன்ட்ரோலரின் அதிர்வு தருவதில்லை. விஆரில் மூன்று முறை பிழையின்றி வென்ஃப்ளான் (மருந்து ஏற்றச் சிரைக்குள் செருகும் குழாய்) போட்ட மாணவி, பயிற்சிக்கான ரப்பர்க் கையின் முன் வந்ததும் தொட்டுப் பார்க்காமலேயே ஊசியை இறக்கினார். அன்றிலிருந்து ஹெட்செட்டைக் கழற்றிய அரைமணி நேரத்துக்குள் அதே செயலை ரப்பர்க் கையில் செய்தாக வேண்டும் என்று விதி வைத்திருக்கிறோம்.

இதயம் நின்றவருக்கு மார்பை அழுத்திச் செய்யும் முதலுதவியான சிபிஆருக்கும் அப்படியே. மார்பை 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தும் உழைப்பைப் பயிற்சிப் பொம்மையின் மீது குனிந்தால்தான் உடல் அறியும். சுற்றியுள்ள அறையை வண்ணத்தில் காட்டும் குவெஸ்ட் 3 போன்ற கருவிகளில், உண்மையான பொம்மையின் மீதே படங்களைப் பொருத்திக் காட்டும் மிகை மெய்ம்மைப் பயிற்சிக்கு வழி இருக்கிறது. அடுத்து வாங்குவதென்றால் அதைத்தான் கேட்பேன்.

வாங்குபவர்களுக்குச் சில நடைமுறைச் செய்திகள். எங்கள் மாணவியர் கொண்டை போடுபவர்கள். ஹெட்செட்டின் பின்பட்டை சரியாகக் கொண்டையின் மேல் ஏறி, அரைக்கிலோ எடையும் மூக்கில் இறங்குகிறது. பயிற்சி நேரத்தில் பின்னலாகத் தொங்கவிடச் சொன்னதும் பாதித் தலைவலிப் புகார்கள் நின்றன. மீதிப் புகார்கள், லென்ஸ் இடைவெளியை 58, 63, 68 மி.மீ. என்ற மூன்று நிலைகளில் அவரவர் கண்ணுக்கேற்ப நகர்த்தியதில் பெரும்பாலும் தீர்ந்தன. ஜன்னலோர மேசையில் எங்கள் கவனக்குறைவால் வைத்த ஒன்றில், லென்ஸ் வழியே குவிந்த வெயில் திரையில் ஒரு மஞ்சள் புள்ளியைச் சுட்டுவிட்டது. வேலூர் வெயிலில் பெட்டியை மூடாமல் வைக்கவே கூடாது.

எனக்குப் பெரிய மனக்குறை மொழிதான். மென்பொருளில் வரும் நோயாளி ஆங்கிலம் பேசுகிறார், வலியை எண்ணில் சொல்கிறார். இந்த ஊர் ஆஸ்பத்திரிகளுக்குக் குடியாத்தத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் மட்டுமல்ல, வங்காளத்திலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். அவர்களில் எவரும் இப்படிப் பேசுவதில்லை. தமிழ்க் குரல் சேர்க்க முடியுமா என்று விற்ற நிறுவனத்திடம் இருமுறை எழுதிக் கேட்டும் பதில் வரவில்லை.

இப்போது ஒலியை நிறுத்திவிட்டு, நோயாளியின் குரலாகப் பேச எங்கள் கூடத்தின் உதவியாளர் அக்காவை மாணவியின் அருகில் நிறுத்துகிறோம். “நெஞ்சு அடைக்குதும்மா, ஒரு மாதிரியா வருது” என்று அவர் சொன்ன முதல் நாள், கண்ணை மறைத்த கருவியோடு நின்ற மாணவி மானிட்டரை விட்டுத் திரும்பி, “என்ன செய்யுது பாட்டி, எந்தப் பக்கம்?” என்று கேட்டார்.