1990 சுவசெரிய அம்புலன்ஸ்: சந்தி வரைக்கும் அஞ்சுக்கு அஞ்சு

தீபாவளி முடிஞ்ச மறுவாரம், ராத்திரி ரெண்டு மணி இருக்கும், அடைமழை, கரண்டும் இல்ல. அப்பா தூக்கத்துல இருந்து எழும்பி உக்காந்து நெஞ்ச புடிச்சிக்கிட்டு வேர்த்து ஊத்துறாரு, அம்மா தைலத்த தடவிக்கிட்டே மாரியாத்தாவ கூப்புடுறாங்க, நான் போன எடுத்து இலங்கையோட இலவச அம்புலன்ஸ் நம்பர் 1990 அடிச்சேன். அந்த ராத்திரிய பத்தின ரிவியூ தான் இது. ஆனா அம்புலன்ஸுக்கு மட்டும் இல்ல, அது வந்து நின்ன ரோட்டுக்கும் சேத்து எழுதுறேன், ஏன்னா ரெண்டையும் பிரிச்சு பாத்தா தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டுல, எங்க பாஷையில லயத்துல, இருக்குற எங்க ஆளுங்களுக்கு ஒரு பிரயோசனமும் இல்ல.

முதல்ல கோல். உடனே எடுத்தாங்க, தமிழ்ல பேசணும்னு சொன்னதும் தமிழ் தெரிஞ்ச ஒரு பிள்ளைக்கு மாத்திக் குடுத்தாங்க. மூச்சு எப்படி இருக்கு, பேசுறாரா, வலி கைக்கு இறங்குதா, சீனி வருத்தம் பிரஷர் ஏதும் இருக்கான்னு அந்தப் பிள்ளை பதறாம கேட்டுச்சு, அது பதறாததுனாலயே எனக்கும் நடுக்கம் கொஞ்சம் அடங்குச்சு. அட்ரஸ் கேட்டப்ப தான் நான் நின்னுட்டேன். எங்க லயத்துக்கு நம்பர் இல்ல, ரோட்டுக்கு பேர் இல்ல, கடுதாசி வந்தாலும் தோட்டத்து ஆபீஸுக்கு வந்து அங்க இருந்து தான் கைக்கு வரும். தோட்டத்து பேர சொன்னா அதுல நாலு டிவிசன் இருக்கு, கோயில சொன்னா எல்லா டிவிசன்லயும் மாரியம்மன் கோயில் இருக்கு. கடைசில மெயின் ரோட்டு சந்தியையும் சந்தியில இருக்குற பேக்கரியையும் சொன்னேன், அது போதும்னுட்டாங்க.

இருவத்தஞ்சு நிமிஷத்துல வண்டி சந்திக்கு வந்துருச்சு. அந்த மழையில, அந்த வளைவு ரோட்டுல, ஹட்டன் பக்கம் ஓடுனவங்களுக்கு தெரியும் இது எவ்வளவு பெரிய விஷயம்னு. டிரைவர் ஒரு சிங்கள அண்ணன், எனக்கு கோல் எடுத்து "மல்லி (தம்பி), உள்ள வரலாமா, ரோட்டு எப்படி"ன்னு பாதி தமிழ் பாதி சிங்களத்துல கேட்டாரு. வரலாம்னு சொல்ல எனக்கு வாய் வரல.

சந்தியில இருந்து எங்க லயத்துக்கு ரெண்டு கிலோமீட்டர். பாதி தூரத்துல ஒரு போக்கு, அதாவது ரோட்டுக்கு அடியில தண்ணி போற சின்ன பாலம், இருக்கு, அதோட ஒரு பக்கம் மழைக்கு அடிச்சிக்கிட்டு போயி வருஷக் கணக்காச்சு, பைக் போகும், ஆட்டோ ஆள இறக்கிட்டு உருட்டிக்கிட்டு போகும், வேன் போகாது. அந்த அண்ணன் வண்டிய போக்கு வரைக்கும் கொண்டாந்து, இறங்கி டோர்ச் அடிச்சு பாத்துட்டு, இதுக்கு மேல ஏத்துனா வண்டியும் போயிரும் நோயாளிய கொண்டு போகவும் முடியாதுன்னு சொன்னாரு, அவரு சொன்னது நூத்துக்கு நூறு சரி. நாங்க நாலு பேர் அப்பாவ கதிரையில உக்கார வச்சு, கம்பிளி சுத்தி, மேல தேயிலை மூடுற படங்க போத்திக்கிட்டு தூக்கிட்டு இறங்குறோம். பாதி வழியில பாத்தா எதிர்ல ஒரு வெளிச்சம். வண்டியில இருந்த மத்தவரு, நோயாளிய பாக்குறதுக்கு பயிற்சி எடுத்தவரு, பைய தோள்ல மாட்டிக்கிட்டு மழையில நனைஞ்சு நடந்தே எங்களத் தேடி மேல ஏறி வந்துட்டாரு. அந்த இடத்துலயே பிரஷர் பாத்தாரு, அப்பாகிட்ட "அய்யா, இங்க பாருங்க, பேசுங்க"ன்னு பேசிக்கிட்டே கூட இறங்குனாரு. அந்த மனுசன நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்.

டிக்கோயா கிளங்கன் ஆஸ்பத்திரிக்கு கொண்டு போனாங்க, ஈசிஜி எடுத்து ஹார்ட் அட்டாக்னு சொன்னாங்க, மருந்து குடுத்து மறுநாள் கண்டிக்கு அனுப்புனாங்க. அப்பா இப்ப வீட்டுல இருக்காரு, மெதுவா நடக்குறாரு. வண்டிக்கு ஒரு சதம் வாங்கல, குடுக்கப் பாத்தேன், கைய எடுத்து கும்புட்டுட்டு போயிட்டாங்க.

இதே வலி எங்க பாட்டிக்கு வந்தப்ப இந்த சேவை மலைநாட்டுல இல்ல. அன்னைக்கு பங்களாவுக்கு ஓடணும், வாச்சர எழுப்பணும், அவரு தொரைய, அதாவது தோட்டத்து மேனேஜர, எழுப்பணும், லொறிக்கு அனுமதி துண்டு வாங்கணும், லொறி டிரைவர் எந்த லயத்துல இருக்காருன்னு தேடணும், அப்புறம் கொழுந்து லொறியில சாக்கு விரிச்சு படுக்க வச்சு கொண்டு போகணும். நோயாளி பொழைக்கிறது தோட்டத்துல யாரு முழிச்சிருக்காங்கன்றத பொறுத்து இருந்துச்சு. அதனால தான் 1990ன்ற நாலு நம்பர் எங்களுக்கு எவ்வளவு பெரிசுன்னு டவுன்ல இருக்குறவங்களுக்கு சொல்லி புரிய வைக்க முடியாது. யாருகிட்டயும் துண்டு வாங்க வேண்டியதில்ல.

இந்த சேவை வந்த விதமும் சொல்லணும். 2016ல இந்தியா குடுத்த உதவியில 88 வண்டியோட மேல் மாகாணத்துலயும் தென் மாகாணத்துலயும் தொடங்குனது, ஆரம்பத்துல நடத்துனது ஒரு இந்திய கம்பெனி. வெளிநாட்டுக்காரன் எதுக்குன்னு அப்ப பெரிய எதிர்ப்பு இருந்துச்சு. அப்ப பிரதி அமைச்சரா இருந்த ஹர்ஷ டி சில்வா விடாம நின்னு கொண்டாந்தாரு. பெறகு 2018ல தனி சட்டம் போட்டு சுவசெரிய மன்றம்னு அரசாங்கத்துக்கு கீழ ஒரு அமைப்பா ஆக்கி, நாடு முழுக்க விரிச்சாங்க. ஒரு நாடு காசு குடுத்து, ஒரு கம்பெனி வேலைய பழக்கி, அரசாங்கம் பொறுப்பெடுத்து, அப்படி மூணும் சேந்து இழுத்ததுனால தான் அன்னைக்கு ராத்திரி அந்த வண்டி சந்திக்கு வந்துச்சு.

இப்ப ரோட்டுக்கு வர்றேன். இங்கயும் அரசாங்கம், கம்பெனி, பிரதேச சபைன்னு மூணு பேர் தான், ஆனா மூணு பேரும் மூணு பக்கம் இழுக்குறாங்க. 1972லயும் 1975லயும் தோட்டங்கள அரசாங்கம் எடுத்துச்சு, 1992ல நிர்வாகத்த கம்பெனிங்ககிட்ட குடுத்துச்சு, பெறகு 53 வருஷ குத்தகை. காணி அரசாங்கத்தோடது, குத்தகை கம்பெனியோடது, மேல நடக்குறது நாங்க. எங்க ஸ்டோர், அதாவது தேயிலை பெக்டரி, ஓடுன காலத்துல கொழுந்து லொறி இந்த ரோட்டால தான் போகும், அப்பல்லாம் தண்ணி ஓட கான் வெட்டுவாங்க, கல்லு போடுவாங்க, ரோட்டு நல்லா இருந்துச்சு. ஸ்டோர மூடிட்டு கொழுந்த அடுத்த தோட்டத்து ஸ்டோருக்கு அனுப்ப தொடங்குனாங்க, லொறி மேல் ரோட்டுக்கு மாறிருச்சு. கொழுந்து போகாத ரோட்டுக்கு செலவு எதுக்குன்னு விட்டுட்டாங்க. நட்டத்துல ஓடுறோம்னு கம்பெனி சொல்றத நான் பொய்னு சொல்லல, தேயிலை விலை ஏறி இறங்குறத நானும் பாக்குறேன், ஆனா அந்த ரோட்டுல நூத்திப்பத்து குடும்பம் இருக்கே.

சபைகிட்ட போனா என்ன? 1987 பிரதேச சபை சட்டத்துல 33ஆம் பிரிவுன்னு ஒண்ணு இருந்துச்சு, சபை தோட்டத்துக்குள்ள வந்து வேலை செய்றதுக்கு அது தான் முட்டுக்கட்ட. நாங்க சபைக்கு ஓட்டு போடுவோம், மெம்பர அனுப்புவோம், ஆனா அந்த மெம்பர் எங்க லயத்துக்கு ஒரு லோடு கல்லு போட சபை காச தொட முடியாது. முப்பது வருஷத்துக்கு மேல இப்படியே போச்சு. அதையும் 2018ல தான் திருத்துனாங்க. பாருங்க, அம்புலன்ஸுக்கு சட்டம் வந்ததும் அதே வருஷம், சபைக்கு தோட்டத்துக்குள்ள வர வழி விட்டதும் அதே வருஷம். ஒண்ணு என் அப்பாவ தேடி போக்கு வரைக்கும் வந்துருச்சு, மத்தது இன்னும் வந்து சேரல.

அப்பாவ கண்டியில வச்சிருக்கும்போதே நான் கடுதாசி எழுத தொடங்கிட்டேன். சபையில போயி கேட்டா, சட்டம் சரி, ஆனா ரோட்ட தோட்டம் எங்களுக்கு ஒப்படைச்சு கடுதாசி தரணும்னாங்க. தோட்டத்து ஆபீஸ்ல கேட்டா, காணி எங்களோடது இல்ல, காணிக்கு பொறுப்பான அரசாங்க கூட்டுத்தாபனம் சரின்னு சொன்னா தான் குடுக்கலாம், கொழும்புக்கு எழுதணும்னாங்க. கொழும்புல இருந்து வந்த பதில், தோட்ட நிர்வாகத்தோட பேசிக்கோங்கன்னு. மூணு கடுதாசியும் என்கிட்ட இருக்கு, மூணுலயும் ஒருத்தரும் முடியாதுன்னு எழுதல, அது தான் எனக்கு ஆத்திரம், முடியாதுன்னாலாவது வேற வழி பாக்கலாம். அந்த போக்கு பத்தடி கூட இல்ல. நாலு ஹியூம் பைப்பு, கொஞ்சம் சீமெந்து, சிரமதானத்துக்கு ஆள் நாங்க வர்றோம்.

அதனால என் மார்க் இது தான். சுவசெரியக்கு அஞ்சுக்கு அஞ்சு, யோசிக்காம கூப்புடுங்க. ரோட்டுக்கு முட்டை.

தோட்டத்துல இருக்குறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன், நான் பட்டு தெரிஞ்சிக்கிட்டது. கூப்புடும்போது தோட்டம், டிவிசன், மெயின் ரோட்டுல எந்த சந்தி, வேன் எது வரைக்கும் வரும்னு முதல்லயே சொல்லிருங்க, ஒரு ஆள டோர்ச்சோட சந்திக்கு ஓட விடுங்க, போன்ல சார்ஜ் வச்சிக்கோங்க ஏன்னா அவங்க திரும்ப எடுப்பாங்க. எங்க டிவிசன்ல இளைஞர் மன்றத்து பொடியன்க சேந்து சாக்கும் மூங்கிலும் வச்சு ஒரு ஸ்ட்ரெச்சர் தச்சு கோயில்ல வச்சிருக்காங்க, கோயில் சாவி எங்க இருக்குன்னு எல்லா லயத்துக்கும் தெரியும்.

போன கிழமை சபையில இருந்து ஒரு டெக்னிகல் ஆபீசரும் தோட்டத்து சின்னதொரையும் (உதவி மேனேஜர்) ஒண்ணா வந்து போக்க டேப் வச்சு அளந்துட்டு போனாங்க. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல அந்த இடத்துல நின்னது இது தான் முதல் தடவ. வேலை தொடங்குனா இதுலயே போட்டோவோட போடுறேன்.