நெல் கொள்முதல் மென்பொருளில் ஓட்டத்தின்போதே மாறும் பொருள் மாதிரி: எட்டு ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

மன்னார்குடி வட்டாரத்தில் உள்ள ஒரு தனியார் அரிசி ஆலைக்கு 2016ஆம் ஆண்டில் நெல் கொள்முதல் மென்பொருள் ஒன்றை ஜாவாவில் எழுதிக் கொடுத்தேன். பொருள்சார் நிரலாக்கத்தைக் கற்ற முறைப்படி, நெல் என்று ஒரு தாய் வகுப்பும் (வகுப்பு என்பது ஒரு வகைப் பொருளின் அமைப்பை வரையறுக்கும் நிரல் பகுதி) அதன் கீழ் ஆடுதுறை 43, கோ 51, சிஆர் 1009 என்று ரகத்துக்கு ஒரு சேய் வகுப்பும் அதில் இருந்தன. விதைக்கடைக்குப் புதிய ரகம் ஒன்று வந்து, குறுவையில் விளைந்து ஆலை வாசலை எட்டும் ஒவ்வொரு முறையும் நான் நிரலைத் திருத்தி, கும்பகோணத்திலிருந்து நீடாமங்கலம் வழியாகப் பேருந்தில் சென்று, அங்குள்ள கணினியில் ஏற்ற வேண்டியிருந்தது. எடைமேடைக்கு முன்னால் டிராக்டர்கள் வரிசையில் நிற்கும் அறுவடை நாளில் மென்பொருளை நிறுத்துவது, நெல்லோடு காத்திருக்கும் விவசாயிக்குச் செய்யும் தீங்கு.

ஆகவே 2017இல் அதை முழுவதும் பைத்தானில் மாற்றி எழுதினேன். மென்பொருள் வடிவமைப்பு ஆய்வாளர்களான ஜோசப் யோடர், ரால்ஃப் ஜான்சன் ஆகியோர் அடாப்டிவ் ஆப்ஜெக்ட் மாடல் (ஓட்டத்தின்போதே மாறும் பொருள் மாதிரி) என்ற பெயரில் விளக்கிய கட்டமைப்பையே பின்பற்றினேன். ரகம் ஒவ்வொன்றும் வகுப்பாக இல்லாமல், 'நெல் வகை' என்ற ஒரே வகுப்பின் பொருளாக, தரவுத்தளத்தில் ஒரு வரியாக இருக்கும். ஈரப்பதம், கருக்காய், பதர், மூட்டை எடை போன்ற பண்புகளும் நிரலில் எழுதப்படாமல் தரவாகவே சேமிக்கப்படும். நெல்லின் தரக்குறைவுக்காகத் தொகையில் குறைக்கும் பிடித்தத்தைக் கணக்கிடும் சூத்திரத்தை, ஒரு சிறிய மொழிபெயர்ப்பி (இன்டர்பிரெட்டர்) மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கும்போதே படித்துச் செயல்படுத்தும். பண்புகளைப் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் ஜேசன்பி நெடுவரிசையில் (பல பண்புகளை ஒரே கட்டத்தில் பெயரும் மதிப்புமாக வைக்கும் வகை) வைத்தேன்; 2014இன் இறுதியில் வந்த அந்த வசதி இல்லாமல் இருந்திருந்தால், பண்புக்கு ஒரு வரி என்று அட்டவணை பெருத்து, எளிய அறிக்கைக்கும் பல இணைப்புகள் தேவைப்பட்டிருக்கும்.

இம்முறையின் பயனை நான் முழுமையாக உணர்ந்தது 2021 ஜனவரியில்தான். அறுவடைக்கு நின்ற சம்பா தொடர்மழையில் சாய்ந்து, கதிரிலேயே முளைத்த நெல் ஆலைக்கு வரத் தொடங்கியது. முளைவிட்ட மணியை அளந்து பதியும் இடமே அதுவரை மென்பொருளில் இல்லை. ஆலையின் கணக்குப்பிள்ளை, என்னைக் கேட்காமலேயே, 'முளைவிட்ட மணி' என்ற பண்பைச் சேர்த்து, அதற்கு உச்ச வரம்பும் கொடுத்து, அரை மணி நேரத்தில் வேலையைத் தொடர்ந்துவிட்டார். நிரல் தெரியாதவர், ஆனால் நெல்லை அறிந்தவர். மாற்றும் உரிமை அத்தகையவரின் கையில் இருப்பதே இக்கட்டமைப்பின் உண்மையான வலிமை என்று கருதுகிறேன்.

அதே உரிமை எங்களுக்குப் பெரிய சிக்கலையும் கொண்டுவந்தது. அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் ஈரப்பத வரம்பு பொதுவாக 17 சதவீதம். மழைக்காலங்களில் ஒன்றிய அரசின் ஒப்புதலுடன் அது தளர்த்தப்படுவதும் உண்டு. அதை ஒட்டி ஆலையும் தன் பிடித்தம் கணக்கிடும் விதியை மாற்றும். அப்படி மாற்றிய ஒரு பருவத்தில், இரண்டு மாதங்களுக்கு முன் நெல் போட்ட ஒரு பெரியவர் தம் சீட்டுக்கு நகல் கேட்டு வந்தார். நகலில் வேறு தொகை அச்சானது. "தம்பி, அவர் கையில இருக்குற சீட்டுக்கும் இதுக்கும் ஒத்துப்போகலையே" என்று கணக்குப்பிள்ளை தொலைபேசியில் சொன்னபோதே, பழைய சீட்டையும் புதிய சூத்திரத்தால் கணக்கிட்டிருக்கிறேன் என்பது எனக்கு விளங்கிவிட்டது. விதியை மாற்ற வழி செய்த நான், முந்தைய விதியைக் காப்பதற்கு வழி செய்யவில்லை.

அன்றிலிருந்து எந்த வரியும் அழிக்கப்படுவதில்லை. ஒவ்வொரு விதிக்கும் ஒவ்வொரு பண்புக்கும் எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை செல்லும் என்ற இரு தேதிகள் உண்டு. சீட்டு எந்த நாளுடையதோ அந்த நாளின் விதியே அதற்குப் பொருந்தும். 2020 டிசம்பர் 28இல் நாகப்பட்டினத்திலிருந்து மயிலாடுதுறை தனி மாவட்டமானதையும் பின்னர் இதே ஏற்பாட்டில் கொண்டுவந்தேன். சீர்காழி விவசாயியின் பழைய சீட்டு நாகப்பட்டினம் மாவட்டம் என்றும், புதிய சீட்டு மயிலாடுதுறை மாவட்டம் என்றும் சரியாக அச்சாகின்றன.

பிழை தேடுவது இன்றும் கடினமாகவே இருக்கிறது. மூல நிரல் முழுவதிலும் 'கருக்காய்' என்று தேடினால் ஓரிடத்திலும் அச்சொல் அகப்படாது. ஆலையைப் பற்றிய அறிவெல்லாம் தரவுத்தளத்தில் இருக்கிறது. ஒருமுறை 'ஈரப்பதம்' இருக்கும்போதே 'ஈரம்' என்று இன்னொரு பண்பு உருவாகி, பருவ அறிக்கையில் பாதி நெல்லின் சராசரி விடுபட்டது. இப்போது விதிகளையும் பண்புகளையும் நாள்தோறும் உரைக்கோப்பாக எடுத்து, நிரலைப் போலவே, மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கிட் (Git) மென்பொருளில் சேமிக்கிறேன். புதிய சூத்திரம் நடைமுறைக்கு வருமுன், மென்பொருள் கடந்த பருவத்தின் சில சீட்டுகளைப் பரிசோதனையாக அதில் ஓட்டி, பழைய தொகையையும் புதிய தொகையையும் அருகருகே காட்டுகிறது. கணக்குப்பிள்ளை பார்த்து ஒப்புக்கொண்ட பின்னரே அது செல்லும். சூத்திரங்களை ஓட்டத்தின்போது படிப்பதால் மென்பொருளின் வேகம் குறைந்தது உண்மைதான், ஆனால் ஒரு வண்டியை எடை போடும் நேரத்துக்குள் நூறு சூத்திரங்களைக் கணக்கிட்டுவிடலாம் என்பதால் அது பொருட்டல்ல.

எல்லாவற்றையும் நெகிழ வைக்கவும் இல்லை. விவசாயிக்குச் செலுத்திய பணத்தின் வரவு செலவுப் பேரேடு இன்றும் வழக்கமான வகுப்புகளில் இறுக்கமாகவே எழுதப்பட்டிருக்கிறது. அங்கே பண்பு சேர்க்கும் பொத்தானைக் கணக்குப்பிள்ளை ஒருமுறை கேட்டார், மறுத்துவிட்டேன். மாறாக, நிலப்பரப்பை ஏக்கரில் மட்டும் கேட்ட படிவத்தில் மா, வேலி ஆகிய அளவுகளை அவரே சேர்த்துக்கொண்டார். மாவுக்கு எத்தனை மூட்டை கண்டது என்று பேசும் ஊரில் அதை நான் தொடக்கத்திலேயே வைத்திருக்க வேண்டும்.

வரும் சம்பாவுக்கு முன், கணக்குப்பிள்ளை இல்லாத நாட்களிலும் விதிகளைப் பார்த்துக்கொள்ள ஆலையின் இளைய எழுத்தர் ஒருவருக்குப் பயிற்சி தரத் தொடங்கியிருக்கிறேன்.