சிமுலேட்டருக்காக கம்ப்யூட்டரை அப்கிரேட் செய்யக் கொடுக்கிறவர்கள் கவனத்துக்கு

ஃப்ளைட் சிமுலேட்டர் (கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் ப்ரோக்ராம்) சரியாக ஓடவில்லை என்று வீட்டு கம்ப்யூட்டரைக் கடையில் கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். சென்னையில் ஒரு கடையில் எனக்கு நடந்ததை எழுதுகிறேன். புகார் விசாரணையில் இருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை.

27,000 ரூபாய்க்குப் புது கிராஃபிக்ஸ் கார்டு (திரையில் படம் வரையும் பாகம்) என்று சொல்லி, ஓடித் தேய்ந்த பழைய கார்டைத் தலையில் கட்டினார்கள். கம்ப்யூட்டரில் இருந்த என் ரேமை (ஓடும் ப்ரோக்ராம்கள் பயன்படுத்தும் மெமரி) கழற்றிக்கொண்டு மட்டமான ஒன்றைப் போட்டார்கள். 'சிமுலேட்டர் ட்யூனிங்' என்று 3,500 ரூபாய் வாங்கிக்கொண்டு விண்டோஸையும் கெடுத்து அனுப்பினார்கள். விமான நிலையத்தில் இறங்கும்போது வரும் திக்கல் அப்படியே இருந்தது.

என்னிடம் இருந்தது ரைசன் 5 3600 ப்ராசஸர், பி450 மதர்போர்டு, 8 ஜிபி ரேம் இரண்டு, 1660 சூப்பர் கிராஃபிக்ஸ் கார்டு. மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2020 ஓட்டுகிறேன். மதுரையிலிருந்து கிளம்பி மேலே ஏறிவிட்டால் ஒரு குறையும் இல்லை. சென்னையில் ரன்வே 25-க்குக் கடல் பக்கமாக இறங்கும்போதுதான் படம் விட்டுவிட்டு வரும். ஏர்பஸ் ஏ320-இல் ஃப்ரேம் ரேட் (ஒரு விநாடிக்கு வரும் படங்களின் எண்ணிக்கை) இருபதுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். மூக்கைத் தூக்க வேண்டிய அந்தக் கடைசி விநாடிகளில் திக்கினால் லேண்டிங்கே போச்சு.

சிக்கல் எங்கே என்பதை சிமுலேட்டரே சொல்லிவிடும். ஜெனரல் ஆப்ஷன்ஸில் டெவலப்பர் மோடைப் போட்டு, மேலே வரும் மெனுவில் எஃப்பிஎஸ், அதாவது ஃப்ரேம் ரேட், காட்டச் சொன்னால், மூலையில் ஒரு பெட்டி வரும். எதனால் வேகம் மட்டுப்படுகிறது என்று அதிலேயே எழுதியிருக்கும். எனக்கு 'லிமிட்டட் பை மெயின்த்ரெட்' என்று வந்தது. ப்ராசஸரின் ஒரு த்ரெட்தான் (வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் ஒரு வரிசை) மூச்சு முட்டி நிற்கிறது, கிராஃபிக்ஸ் கார்டு அதற்காகக் காத்திருக்கிறது என்று அர்த்தம். விமானம் பறக்கும் கணக்கு, காக்பிட் திரைகள், சுற்றி ஓடும் மற்ற விமானங்கள், தரையில் எந்தக் கட்டடத்தை எங்கே வைப்பது என்று பல வேலைகள் அந்த ஒரே வரிசையில் வந்து நிற்கின்றன. அதனால்தான் எல்3 கேஷ் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான மெமரி) அதிகமுள்ள ப்ராசஸர்களில் சிமுலேட்டர் நன்றாக ஓடுகிறது. என் 3600-இல் 32 எம்பி. அதே போர்டில், பயாஸ் (போர்டுக்குள் இருக்கும் அடிப்படை ப்ரோக்ராம்) அப்டேட் செய்துவிட்டால், உட்காரக்கூடிய 5800எக்ஸ்3டி, 5700எக்ஸ்3டி இரண்டிலும் 96 எம்பி.

இதையெல்லாம் ஸ்க்ரீன்ஷாட்டோடு கடையில் காட்டி, இந்த இரண்டில் ஒரு ப்ராசஸர் வேண்டும் என்றுதான் கேட்டேன். அங்கே இருந்த டெக்னீஷியன் என் கம்ப்யூட்டரை ஆன் செய்து, சிபியு, அதாவது ப்ராசஸர், எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்தார்.

"சார், நீங்களே பாருங்க. சிபியு முப்பது பர்சென்ட்தான் ஓடுது. எழுபது பர்சென்ட் சும்மா கெடக்கு. இதுல போய் ப்ராசஸர் மாத்தறேன்னு சொல்றீங்களே. கார்டு போடுங்க சார், பறக்கும்."

இந்த இடத்தில் எல்லாரும் உஷாராக இருக்க வேண்டும். டாஸ்க் மேனேஜர் முதலில் காட்டுவது மொத்த சராசரி. 3600-இல் 12 த்ரெட் இருக்கின்றன. அதில் ஒன்று முழுக்க நிரம்பி வழிந்தாலும் சராசரியில் அதன் பங்கு எட்டு சதவீதம்தான். சிமுலேட்டர் திணறுவது அந்த ஒன்றில். இதை எடுத்துச் சொன்னேன். அதற்குள் கடைக்காரரே எழுந்து வந்து, எக்ஸ்3டி ப்ராசஸர் இப்போது எங்கேயும் ஸ்டாக் இல்லை, ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டு போட்டுத் தருகிறோம், செட் ஆகவில்லை என்றால் ஒரு வாரத்தில் மாற்றித் தருகிறோம் என்றார். அதை எழுத்தில் கேட்டேன். வாட்ஸ்அப்பில் அனுப்பினார். இன்றைக்கு என் புகாருக்கு முதுகெலும்பு அந்த மெசேஜ்தான்.

வேலை முடிந்தது என்று கூப்பிட்டார்கள். போனால், சிமுலேட்டரை ஓட விட்டு வைத்திருந்தார்கள். எண்பது ஃப்ரேம் வந்தது. என்ன ஓடுகிறது என்று பார்த்தேன். வங்காள விரிகுடா மேலே, நடுக்கடலில், செஸ்னா 152. கீழே ஒரு கட்டடம் இல்லை, காக்பிட்டில் ஒரு திரை இல்லை. என் பழைய கார்டிலேயே அங்கே திக்கல் வராது. ஏ320-ஐ சென்னையில் வைத்துக் காட்டச் சொன்னேன். கடையில் நெட் ஸ்லோ, சீனரி இறங்காது, வீட்டில் போய்ப் பாருங்கள் என்றார்கள்.

வீட்டில் பார்த்தேன். அதே சென்னை, அதே ரன்வே, அதே இருபது, அதே மெயின்த்ரெட். முன்பைவிட ஒரு படி கீழேகூட இறங்கியது. ப்ராசஸரைத் தொடாமல் விட்டிருந்தால் அதே வேகமாவது இருக்க வேண்டும். ஏன் குறைந்தது என்று தேடியபோதுதான் ரேம் விஷயம் தெரிந்தது.

டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்தால் எத்தனை ஸ்லாட்டில் ரேம் இருக்கிறது, என்ன வேகத்தில் ஓடுகிறது என்று கீழே வரும். நான் கொடுத்தபோது நான்கில் இரண்டு ஸ்லாட், 3200. திரும்பி வந்தபோது நான்கில் ஒன்று, 2666. கேபினெட்டைத் திறந்து பார்த்தால், ஹீட்சிங்க் (சூட்டைத் தணிக்கும் உலோகத் தகடு) போட்ட என் இரண்டு ரேமும் இல்லை. பச்சைப் பலகையாக ஒரே ஒரு 16 ஜிபி ரேம் நின்றது. அதன் ஸ்டிக்கரில் பாதியைச் சுரண்டியிருந்தார்கள். மொத்தக் கொள்ளளவு மாறவில்லை என்பதால் மேலோட்டமாகப் பார்க்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் ஒற்றை ரேம் என்றால் சிங்கிள் சேனல், டேட்டா போய்வரும் பாதை பாதியாகிவிடும். ரைசனில் ரேம் வேகம் குறைந்தால் உள்ளே இருக்கும் இணைப்பின் வேகமும் சேர்ந்தே குறையும். ப்ராசஸர் ஏற்கெனவே திணறுகிற சிமுலேட்டரில் இது நேராக ஃப்ரேமில் அடிக்கும்.

அடுத்தது அந்த 3,500 ரூபாய் ட்யூனிங். மதுரைப் பயணத்தில் இறங்கும் நேரத்தில் சிமுலேட்டர் தானாக மூடிக்கொண்டு டெஸ்க்டாப் வந்தது. மறுபடியும் அதே இடத்தில் அதே கதை. விண்டோஸின் ஈவென்ட் வ்யூவரில் பார்த்தால் 'ரிசோர்ஸ் எக்ஸாஸ்ஷன் டிடெக்டர்', எண் 2004 என்று பதிவாகியிருந்தது. மெமரி தீர்ந்துபோனதற்கான எச்சரிக்கை அது. பேஜிங் ஃபைலை அடியோடு எடுத்துவிட்டிருந்தார்கள். டிஸ்க்கில் விண்டோஸ் ஒதுக்கிவைக்கும் அந்த இடம் இல்லாமல் போனால், 16 ஜிபியைத் தாண்டி சிமுலேட்டர் கேட்கிற நொடியில் கொடுக்க ஒன்றும் இருக்காது, ப்ரோக்ராம் விழுந்துவிடும். 'பேஜ் ஃபைலை எடுத்தால் ஸ்பீடு' என்பது பல வருடமாகச் சுற்றி வரும் கட்டுக்கதை. 'சிஸ்டம் மேனேஜ்டு' என்று திருப்பி வைத்ததும் விழுவது நின்றது.

அதோடு விடவில்லை. விண்டோஸின் வைரஸ் பாதுகாப்பான டிஃபெண்டரை முழுக்க அணைத்திருந்தார்கள். விண்டோஸ் அப்டேட்டை நிறுத்தியிருந்தார்கள். 'பூஸ்டர்' என்று ஏதோ ஒரு ப்ரோக்ராம், அதற்குள் ஒரு ரெஜிஸ்ட்ரி க்ளீனர் (விண்டோஸின் அமைப்புகள் பதிந்திருக்கும் இடத்தில் கைவைப்பது). ரெஜிஸ்ட்ரி க்ளீனர்களைத் தான் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்லியிருக்கிறது. இதே கம்ப்யூட்டரில்தான் என் மனைவி பேங்க் வேலை பார்க்கிறார். பாதுகாப்பை அணைத்து வைத்துவிட்டு ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் கொடுத்தது எனக்கு எல்லாவற்றையும்விட ஆத்திரமாக இருந்தது. விண்டோஸைச் சுத்தமாக அழித்துப் புதிதாகப் போட்டேன், பாஸ்வேர்டுகள் எல்லாவற்றையும் மாற்றினேன்.

உண்மையான ட்யூனிங் எது என்றால், காசு கேட்காதது. டெரெய்ன் லெவல் ஆஃப் டீட்டெய்லை (தரையை எவ்வளவு விவரமாகக் காட்டுவது என்ற அளவு) 200-லிருந்து 100-க்கு இறக்குங்கள். காக்பிட் திரை ரிஃப்ரெஷ் ரேட்டை மீடியமாக வையுங்கள். விமான நிலைய வண்டிகள், மற்ற விமானங்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள். பயாஸில் ரேமின் எக்ஸ்எம்பி என்ற வேக அமைப்பை ஆன் செய்யுங்கள், அது ஆஃபில் இருந்தால் 3200 ரேமும் அடிமட்ட வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். இதில் எதையும் அந்தக் கடையில் தொடவில்லை.

இவ்வளவு பார்த்த பிறகு கார்டையும் கழற்றிப் பார்த்தேன். போர்டில் செருகும் தங்க நிறப் பற்களில் பல தடவை செருகி எடுத்த கோடுகள். ஃபேன் நடுவில் ஒட்டிய லேபிள் சூட்டில் மஞ்சளாகியிருந்தது. ஹீட்சிங்க் ஓரத்தில் விரல் வைத்தால் பிசுபிசுவென்று எண்ணெய். உள்ளே சூட்டைக் கடத்த ஒட்டியிருக்கும் தெர்மல் பேட் நாள்கணக்கில் வெந்து கசியவிட்ட எண்ணெய் அது. அட்டைப்பெட்டியில் இருந்த சீரியல் நம்பர் ஒன்று, கார்டின் பின்னால் இருந்தது வேறு. கார்டில் இருந்த நம்பரைத் தயாரிப்பாளரின் வாரன்டி பக்கத்தில் போட்டால், வாரன்டி முடிந்துவிட்டது என்று வந்தது. அட்டைப்பெட்டி மட்டும்தான் புதுசு. 2022 செப்டம்பர் 15-இல் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் இயங்கும் முறை மாறியதோடு, கிராஃபிக்ஸ் கார்டு வைத்து அதைச் சம்பாதிக்கும் மைனிங் நின்றுபோய், இரவும் பகலும் ஓடிய கார்டுகள் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்தன. என்னுடையது அப்படி வந்ததா என்று என்னால் நிரூபிக்க முடியாது, புதுசு இல்லை என்பதை நிரூபிக்க முடியும்.

இதைவிட மோசமான மோசடியும் உண்டு. பழைய கார்டின் பயாஸை மாற்றி எழுதி, பெரிய மாடல் பெயரில் விற்பார்கள். ஜிபியு-இசட் என்ற இலவச ப்ரோக்ராம் அப்படிப் பல போலிகளைப் பெயருக்கு முன்னால் 'ஃபேக்' என்று போட்டுக் காட்டிவிடும். வாங்கும்போது கடையிலேயே ஓடவிட்டுப் பாருங்கள்.

எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். "கேம் ஓடுதில்ல சார்? அப்புறம் என்ன?" என்றார் கடைக்காரர். ரேமைக் கேட்டேன். "ரெண்டு எட்டு பதினாறு, ஒரு பதினாறு பதினாறு. எல்லாம் ஒண்ணுதான் சார்." வாட்ஸ்அப் மெசேஜைக் காட்டினேன். பில்லைக் கொண்டு வாருங்கள் என்றார். அவர்கள் கொடுத்திருந்த பில்லில் 'கம்ப்யூட்டர் ஸ்பேர்ஸ்' என்று ஒரே வரி. மாடல் இல்லை, சீரியல் நம்பர் இல்லை. கொடுத்த அன்றே கேட்டதற்கு சிஸ்டத்தில் அப்படித்தான் வரும் என்று சொல்லியிருந்தார்கள். கடைசியில் சுவரில் இருந்த 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' பலகையைக் கை காட்டினார்.

அந்தப் பலகையைப் பார்த்துத் திரும்பி வர வேண்டாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(47) பிரிவு, பழைய பொருளைப் புதியது என்று சொல்லி விற்பதை நேர்மையற்ற வணிக நடைமுறை என்றே சொல்கிறது. குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், பில்லில் எதுவும் இல்லையென்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் அதே பிரிவில் வருகிறது. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தேன். அவர்கள் கடைக்குத் தகவல் அனுப்பிய பிறகு என் இரண்டு ரேமும் கூரியரில் வந்து சேர்ந்தன, ஒரு மன்னிப்பு வார்த்தை இல்லாமல். கார்டுக்கு மட்டும் பதில் இல்லை. அதனால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருக்கிறேன். ஐந்து லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய விஷயத்துக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். வக்கீல் இல்லாமல் நீங்களே மனு கொடுக்கலாம்.

கம்ப்யூட்டரைக் கடையில் விட்டு வர வேண்டிய கட்டாயம் இருந்தால், கொடுப்பதற்கு முன்னால் கேபினெட்டைத் திறந்து ரேம், கார்டு, எஸ்எஸ்டி எல்லாவற்றின் ஸ்டிக்கரும் சீரியல் நம்பர் தெரியும்படி ஃபோட்டோ எடுத்து, அந்த ஃபோட்டோவைக் கடைக்காரரின் வாட்ஸ்அப்புக்கே அனுப்பிவிடுங்கள். என் ரேம் திரும்பி வந்ததற்கு முன்பே எடுத்து வைத்திருந்த அந்தப் படங்கள்தான் காரணம். பில்லில் மாடலும் சீரியல் நம்பரும் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். எந்தப் பாகத்தை மாற்றச் சொன்னாலும், ரெண்டர் ஸ்கேலிங்கை (படம் வரையும் தெளிவின் அளவு) பாதியாகக் குறைத்து உங்களுக்குத் திக்குகிற அதே விமான நிலையத்தில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஃப்ரேம் ஏறவில்லை என்றால் புது கார்டு போட்டாலும் ஏறாது. எக்ஸ்-ப்ளேன் என்ற இன்னொரு சிமுலேட்டரை ஓட்டுகிறவர்களுக்கு இன்னும் சுலபம், டேட்டா அவுட்புட்டில் சிபியு நேரம், ஜிபியு (கிராஃபிக்ஸ் கார்டின் சிப்) நேரம் இரண்டையும் தனித்தனியாகவே காட்டும்.

'எங்கேயும் ஸ்டாக் இல்லை' என்று சொன்ன 5700எக்ஸ்3டி வேறு இடத்தில் சீல் பிரிக்காமல் கிடைத்தது. பழைய ப்ராசஸர் உள்ளே இருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்துவிட்டு நானே மாற்றிப் போட்டேன். தகராறில் இருக்கும் 3060 சாட்சியாக உறைக்குள் இருக்கிறது, பழைய 1660 சூப்பர்தான் மறுபடியும் ஓடுகிறது. அதே கார்டில், அதே ரன்வே 25-இல், இப்போது நாற்பதுக்குக் கீழே இறங்குவதில்லை. எஃப்பிஎஸ் பெட்டியில் 'லிமிட்டட் பை ஜிபியு' என்று வருகிறது, அதனால் மேகத்தின் தரத்தை அல்ட்ராவிலிருந்து ஹைக்கு இறக்கி வைத்திருக்கிறேன்.

மனு விசாரணையில் இருக்கிறது. ஆணையம் என்ன சொல்கிறது என்பதை வந்ததும் எழுதுகிறேன். இதே மாதிரி 'கம்ப்யூட்டர் ஸ்பேர்ஸ்' பில்லோடு கார்டு வாங்கியவர்கள் இருந்தால், இன்றைக்கே கழற்றிப் பெட்டி நம்பரையும் கார்டு நம்பரையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த 30 நாள் ஓடிக்கொண்டிருக்கும்.