கணினி நீர்க்குளிரூட்டலுக்கான டியூப் ஃபிட்டிங்குகள்: புதுச்சேரியிலிருந்து ஒரு மதிப்பீடு

கணினியைத் தண்ணீரால் குளிர்விக்க முனைவோர் வெப்பத்தை வெளியேற்றும் ரேடியேட்டர், நீரை ஓட்டும் பம்ப், சிப்பின் வெப்பத்தை நீருக்குக் கடத்தும் வாட்டர் பிளாக் ஆகியவற்றைத் தேர்ந்தெடுக்கக் காட்டும் அக்கறையில் கால் பங்கைக்கூட அவற்றை டியூபோடு இணைக்கும் ஃபிட்டிங்குகளுக்குக் காட்டுவதில்லை. ஒழுகல் என்று ஒன்று நேர்ந்தால் அது பெரும்பாலும் ஃபிட்டிங்கில்தான் நேரும் என்பதை எண்ணிப் பார்த்தால் இது விந்தையாகத்தான் இருக்கிறது. சிபியு பிளாக், கிராஃபிக்ஸ் கார்டு பிளாக், 360 மி.மீ. ரேடியேட்டர் ஒன்று, நீர்த்தொட்டியான ரிசர்வாயருடன் சேர்ந்த டி5 வகை பம்ப் என நான்கு பாகங்கள் மட்டுமே கொண்ட எளிய அமைப்புக்கே, பாகத்துக்கு இரண்டு வீதம் எட்டு ஃபிட்டிங்குகள் வேண்டும். புதுச்சேரி முதலியார்பேட்டையில் என் கணினியில் வளையக்கூடிய சாஃப்ட் டியூபுக்கான கம்ப்ரெஷன் ஃபிட்டிங்குகளையும், கடலூர் மஞ்சக்குப்பத்தில் நண்பர் ஒருவரின் கணினியில் விறைப்பான ஹார்டு டியூபுக்கானவற்றையும் பொருத்திப் பயன்படுத்திப் பார்த்ததை வைத்து இதை எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: நம் கரையோர வெப்பத்துக்கும், நான் விசாரித்த கடைகள் எதிலும் உதிரி கிடைக்காத நிலைமைக்கும், பித்தளையில் செய்த 10/16 (டியூபின் உள்விட்டம் 10 மி.மீ., வெளிவிட்டம் 16 மி.மீ.) கம்ப்ரெஷன் ஃபிட்டிங்கும் ஈபிடிஎம் ரப்பர் டியூபும் சேர்ந்த இணையே பொருத்தமானது.

இந்தத் துறையில் ஏறத்தாழ எல்லா நிறுவனங்களும் ஜி 1/4 என்னும் ஒரே திருகு மரையைப் பின்பற்றுவது வாங்குவோருக்குப் பெரிய வசதி. பாரோ ஃபிட்டிங்கை ஆல்ஃபகூல் ரேடியேட்டரிலும், பிட்ஸ்பவரின் வளைந்த எல்போ ஃபிட்டிங்கை ஈகே பிளாக்கிலும் தயக்கமின்றிப் பொருத்தலாம். இந்த மரை சுமார் 13.16 மி.மீ. வெளிவிட்டமும் அங்குலத்துக்கு 19 சுற்றும் கொண்ட, கூம்பாகாத நேர் மரை. ஆகவே மரை தண்ணீரை அடைப்பதில்லை, அடைப்பது அதன் அடியில் அமர்ந்திருக்கும் ஓ-ரிங் என்னும் ரப்பர் வளையம்தான். குக்கரில் ஆவியை நிறுத்துவது மூடியின் கனம் அல்ல, கேஸ்கெட்தான் என்பதைப் போன்றதே இதுவும். வீட்டுக் குழாய் வேலையில் பழகிய கைகள் உடனே டெஃப்லான் டேப்பைத் தேடும். இங்கே டேப் சுற்றினால் ஓ-ரிங் முழுமையாகப் படியாமல் போகும், டேப்பின் துணுக்குகள் பிளாக்கின் நுண்ணிய சால்களில் சிக்கி நீரோட்டத்தையும் தடுக்கும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் கால் அங்குலப் பித்தளை நிப்பிள் பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றினாலும், அதன் மரை கூம்பாக இருந்தால் அக்ரிலிக் ரிசர்வாயரின் வாயை ஆப்பு வைத்ததுபோல் விரித்துப் பிளந்துவிடும். அமெரிக்க என்பிடி மரையோ அங்குலத்துக்கு 18 சுற்று என்பதால் இரண்டு மூன்று சுற்றிலேயே இறுகி நின்றுவிடும். அதற்கு மேல் பலத்தைக் காட்டினால் ரேடியேட்டரின் மரை போய்விடும்.

மரையில் இருக்கும் இந்த ஒற்றுமை டியூபின் அளவில் இல்லை என்பதால், பணம் வீணாகும் இடம் பெரும்பாலும் அதுவே. சாஃப்ட் டியூபுக்கு உள்விட்டம், வெளிவிட்டம் என இரண்டு எண்கள் உண்டு. கம்ப்ரெஷன் ஃபிட்டிங்கின் உட்குழல் உள்விட்டத்தையும் அதன் மேல் இறுகும் வளையம் வெளிவிட்டத்தையும் பொறுத்தது என்பதால் இரண்டுமே பொருந்தியாக வேண்டும். பழைய பாணி பார்ப் ஃபிட்டிங்குக்கு உள்விட்டம் மட்டும் போதும், மேலே ஒரு கிளாம்ப் போட்டு இறுக்கிவிடலாம். விலையும் குறைவு, நம்பகமும் உண்டு, அழகுதான் இல்லை. 10/13, 10/16, 13/16, 13/19 ஆகியவை வழக்கமான அளவுகள். இவற்றில் 10/13, 13/16 இரண்டின் சுவரும் 1.5 மி.மீ. தடிமனே உள்ளதால் சற்றே இறுக்கமாக வளைத்தாலும் மடிந்து நீரோட்டம் நின்றுபோகும். 10/16 டியூபின் சுவர் 3 மி.மீ. இருப்பதால் கேபினெட்டின் மூலைகளில் மடியாமல் வளைகிறது. ஜெர்மானிய நிறுவனமான ஆல்ஃபகூல் இதே அளவை வெளிவிட்டத்தை முன்னால் வைத்து 16/10 என்று அச்சிடுகிறது. அங்குலக் கணக்கில் 3/8, 5/8 என்று எழுதியிருந்தாலும் அது நடைமுறையில் இதே அளவுதான். உண்மையான பொறி வேறிடத்தில் இருக்கிறது: ஹார்டு டியூப் ஃபிட்டிங்குகள் 12, 14, 16 மி.மீ. என வெளிவிட்டத்தை மட்டும் சொல்லி விற்கப்படுகின்றன, இணையத்தில் “16 மி.மீ. ஃபிட்டிங்” என்று தேடினால் இரண்டு வகையும் கலந்தே வரும். ஹார்டு டியூப் ஃபிட்டிங்குக்குள் டியூபைப் பற்றிக்கொள்ளும் உட்குழல் கிடையாது. அதில் சாஃப்ட் டியூபைச் செருகினால் அது பிடிப்பின்றி நிற்கும். பம்ப் ஓடத் தொடங்கிய பிறகு எப்போது கழன்று வரும் என்பதே கேள்வி.

கையில் எடுத்தவுடன் தரத்தை உணர்த்துவது எடைதான். பித்தளையின் அடர்த்தி அலுமினியத்தைப் போல் மூன்று மடங்கு என்பதால் நல்ல ஃபிட்டிங் அளவுக்கு மீறிய கனத்துடன் இருக்கும்; இரண்டுமே காந்தத்தில் ஒட்டாதவை, ஆகவே காந்தத்தை வைத்துப் பார்ப்பதில் பயனில்லை. அலுமினிய ஃபிட்டிங்கைச் செம்பு பிளாக்கோடும் ரேடியேட்டரோடும் சேர்த்தால், ஒரே நீரில் இரண்டு உலோகங்களுக்கிடையே மின்வேதி அரிப்பு தொடங்கி, அலுமினியம் கரைந்துகொண்டே போகும். நான் பயன்படுத்திய பாரோ 10/16 ஃபிட்டிங்குகளில் மரை சுத்தமாக வெட்டப்பட்டிருந்தது, வளையத்தின் சொரசொரப்பு ஈரக் கைக்கும் பிடி கொடுத்தது, கறுப்புப் பூச்சு இன்றுவரை உதிரவில்லை. ஈகே, பிட்ஸ்பவர் ஃபிட்டிங்குகளின் முலாம் இன்னும் நேர்த்தியானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பக்கவாட்டுக் கண்ணாடி வழியே வெளிச்சம் போட்டுக் காட்டுகிறவர்களைத் தவிர மற்றவர்கள் அந்த நேர்த்திக்காகக் கூடுதல் விலை தர வேண்டிய தேவை எனக்குத் தென்படவில்லை. இவற்றோடு பெயர் தெரியாத மலிவுப் பொதி ஒன்றையும் வாங்கிப் பார்த்தேன். அதன் பளபளப்பில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஓ-ரிங்குகளின் தடிமன் ஒன்றுக்கொன்று வேறுபட்டது, சில ஃபிட்டிங்குகளின் வளையத்துக்குள் பிசிறு இருந்து டியூபின் மேற்பரப்பைச் சீவியது. அவற்றை நீரோட்டத்தில் சேர்க்காமல் ஒதுக்கி வைத்துவிட்டேன்.

டியூபைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் ஃபிட்டிங்கின் பிடிப்பு பாதி டியூபைச் சார்ந்தது. ஒளி ஊடுருவும் பிவிசி டியூபில் மென்மைக்காகச் சேர்க்கப்படும் பிளாஸ்டிசைசர், வெப்பத்தில் மெல்லக் கசிந்து நீரில் கலந்து பிளாக்கின் சால்களில் பசையாகப் படியும். டியூபும் வெளிறிக் கெட்டிப்படும். ஈகே நிறுவனத்தின் இசட்எம்டி போன்ற ஈபிடிஎம் டியூப்களில் இந்தத் தொல்லை இல்லை. குறை என்றால், நீரின் நிறம் வெளியே தெரியாது, ரப்பர் சற்று விறைப்பானது, வளையத்தை இறுக்கும்போது விரல் நோகும். டியூபைச் செங்குத்தாக வெட்டி, வளையத்தை முதலில் டியூபில் மாட்டிக்கொண்டு, முனையைச் சிறிது வெந்நீரில் தோய்த்து, உட்குழலின் அடி வரை தள்ளிய பிறகே வளையத்தைத் திருக வேண்டும். அடி வரை போகாத டியூபின் மேல் வளையம் இறுகுவதுபோல் தோன்றும், ஆனால் பிடிக்காது.

கடலூர் நண்பர் ஹார்டு டியூபையே விரும்பினார், 14 மி.மீ. அக்ரிலிக் டியூபும் பிட்ஸ்பவர் ஃபிட்டிங்குகளும் அவருடைய தேர்வு. ஹார்டு டியூபின் இன்னொரு வகையான பிஇடிஜி பிளாஸ்டிக் டியூப் வளைக்க எளிது, எளிதில் உடையாது. ஆனால் 60 டிகிரியை நெருங்கும்போது இளகத் தொடங்கும். மே மாதப் பிற்பகலில் 38 டிகிரியைத் தொடும் அறையில், ஏசி இல்லாமல் விளையாட்டோ வீடியோ ரெண்டரிங்கோ நீண்ட நேரம் ஓடினால் நீர் 50 டிகிரியைத் தாண்டுவது அரிதல்ல. அதோடு ஒரு ஃபேன் நின்றுபோனால் மீதமிருக்கும் இடைவெளி மிகக் குறுகியது. டியூப் இளகினால் ஃபிட்டிங்கிலுள்ள ஓ-ரிங்கின் பிடி தளரும். அந்த வகையில் அக்ரிலிக் பாதுகாப்பானது. ஆனால் ஹார்டு டியூப் ஃபிட்டிங்கின் நம்பகம் முழுவதும் டியூப் முனையின் நேர்த்தியில் இருக்கிறது: வெட்டிய விளிம்பைச் சாய்வாக இழைக்காமல் செருகினால் அது உள் ஓ-ரிங்கைக் கத்திபோல் வெட்டிவிடும். ஓ-ரிங்கை நீரால் நனைத்து, சற்றே சுழற்றியபடி செருக வேண்டும். வழுக்கலுக்காக வாஸ்லைன் தடவக் கூடாது, ஏனெனில் பெட்ரோலியப் பொருளில் ஈபிடிஎம் ஊதிப்போகும். தேவையானால் சிலிக்கோன் கிரீஸ் போதும். கணினிப் பழுது பார்ப்பவர்கள் எதையும் ஸ்பிரிட்டால் துடைக்கும் வழக்கம் உடையவர்கள். அக்ரிலிக் டியூபின் மீதோ ரிசர்வாயரின் மீதோ ஆல்கஹால் பட்டால் மயிரிழை விரிசல்கள் தோன்றும் என்பதால் அந்தப் பழக்கம் இங்கே ஆகாது. நண்பரின் இயந்திரம் பார்க்க அருமையாக இருக்கிறது. ஒரு டியூபின் வளைவை மாற்ற வேண்டுமென்றால் மீண்டும் ஹீட் கன், சிலிக்கோன் கயிறு, ரம்பம் என்று ஒரு பட்டறையே விரித்தாக வேண்டும்.

பொருத்துவதற்குக் கை பலமே போதும். ஓ-ரிங் படிந்தது தெரிந்த பிறகு மிகச் சிறிதளவு கூடுதலாகத் திருகினால் முடிந்தது. ஸ்பேனர் அக்ரிலிக் பாகங்களுக்கு எமன். கிராஃபிக்ஸ் கார்டு பிளாக்கின் துளைகள் அருகருகே இருப்பதால், தடித்த 13/19 ஃபிட்டிங்குகள் ஒன்றையொன்று இடிக்கக்கூடும் என்பதை வாங்கும் முன்பே அளந்து பார்க்க வேண்டும். 45, 90 டிகிரி ரோட்டரி எல்போக்கள் வசதியானவை, ஆனால் அவற்றின் சுழலும் மூட்டில் இன்னொரு ஓ-ரிங் இருக்கிறது. டியூபின் விறைப்பு அந்த மூட்டைப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டே இருக்கும்படி அமைத்தால் கசிவு அங்கிருந்துதான் தொடங்கும். தேவையான இடத்தில் மட்டும் இரண்டோ மூன்றோ வாங்குவது நல்லது.

கசிவுச் சோதனையைத் தவிர்க்க எந்த அவசரமும் காரணமாகாது. சிறிய கைப்பம்பும் மானியும் சேர்ந்த காற்றழுத்தச் சோதனைக் கருவியால் 0.5 பார் அளவுக்கு ஏற்றி, ஊசி அசையாமல் நிற்கிறதா என்று அரை மணி நேரம் பார்க்கலாம். இடையில் ஏசியைப் போட்டால் காற்று குளிர்ந்து ஊசி சிறிது இறங்கும். அதைக் கசிவு என்று எண்ணிப் பதற வேண்டாம். பிறகு நீர் நிரப்பி, பவர் சப்ளையின் 24 முனை இணைப்பில் ஜம்பர் மாட்டி, மதர்போர்டுக்கு மின்சாரம் போகாமல் பம்பை மட்டும் ஒரு நாள் ஓட விட்டு, ஒவ்வொரு ஃபிட்டிங்கின் கீழும் டிஷ்யூ தாள் வைத்துக் கவனிக்க வேண்டும். பம்பை வறட்சியாக ஓட்டக் கூடாது. அதன் தாங்கிக்கு உராய்வுநீக்கியே அந்த நீர்தான். நம் ஊர் ஈரப்பதத்தில் டியூப் வியர்க்குமோ என்று சிலர் கேட்கிறார்கள். ரேடியேட்டர் வழியே குளிரும் நீர் அறைக் காற்றைவிடக் குளிர்ச்சியாக முடியாது, எனவே வியர்க்காது.

புதுச்சேரி, கடலூர் இரண்டு ஊரிலும் போர் தண்ணீரின் உப்பைப் பற்றிச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. டிஸ்டில்டு நீரும், பாசியையும் அரிப்பையும் தடுக்கும் கலவையுமே உள்ளே போக வேண்டும். பேட்டரி கடையில் கேன் வாங்குகிறவர்கள், அது அமிலம் சேராத நீர்தானா என்று லேபிளைப் படித்துப் பார்த்து வாங்கவும். கடற்காற்று முலாம் உரிந்த இடங்களில் பித்தளையைப் பச்சையாக்கும். ஜன்னலோரம் கணினி வைத்திருப்பவர்கள் வெளிப்புறத்தை உலர்ந்த துணியால் அவ்வப்போது துடைக்கலாம். அமைப்பின் மிகத் தாழ்ந்த இடத்தில் ஒரு டி வடிவ ஃபிட்டிங்கும் பால் வால்வும் வைத்துவிட்டால் நீர் மாற்றும் வேலை எளிதாகிவிடும்.

வாங்கும் இடத்தைப் பொறுத்தவரை, நேரு வீதியிலோ மிஷன் வீதியிலோ அலைவது வீண். சென்னை ரிச்சி தெருவில் முன்கூட்டி விசாரித்துக்கொண்டு போகலாம், அல்லது இணையத்தில் வரவழைக்கலாம். எப்படி வாங்கினாலும் கணக்கிட்டதைவிட இரண்டு ஃபிட்டிங்குகளையும், ஒரு பொட்டலம் ஜி 1/4 ஓ-ரிங்குகளையும், ஓர் அடைப்பு மூடியையும் சேர்த்து வாங்குங்கள். ஒரு சிறிய ஓ-ரிங் கிழிந்தால் கூரியர் வரும் வரை கணினி முழுவதும் சும்மா கிடக்கும். பாரோ 10/16 கம்ப்ரெஷன் ஃபிட்டிங்குக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு நான்கு. குறைத்த ஒரு மதிப்பெண், உறைக்குள் மாற்று ஓ-ரிங் ஒன்றுகூட வராததற்காக.