மார்புப் பட்டை, மணிக்கட்டுக் கருவி, விரல் எலக்ட்ரோடு: மொரீஷியஸ் வெயிலில் சில வருடங்கள்

ஆய்வுக்காக மனிதர்களின் இதயத்துடிப்பையும் வியர்வையையும் பதிவு செய்யும் கருவிகளுக்கு விளம்பரம் நிறைய உண்டு. அவற்றை வருடக்கணக்கில் கையாண்டவர்கள் தமிழில் எழுதியது என் கண்ணில் பட்டதில்லை. மொரீஷியஸுக்கு வரும் ஆய்வுக் குழுக்களுக்கு நான் களப்பணி செய்கிறேன். பங்கேற்பாளருக்குக் கருவியை மாட்டுவது, பதிவு ஓடுகிறதா என்று பார்ப்பது, கழற்றித் துடைத்து வைப்பது, அப்புறம் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பதிவைச் சுத்தம் செய்வது எல்லாம் என் வேலை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கச்சா சிக்னலை, அதாவது சென்சார் பிடித்ததை அப்படியே, கையில் கொடுக்காமல் கணக்குப் போட்டு முடித்த எண்ணை மட்டும் காட்டும் கருவி எதுவும் ஆய்வுக்கு உதவாது. அது எவ்வளவு விலையானாலும் சரி.

கோளாறு சொல்லும் இடங்களில் கம்பெனி பெயர் இருக்காது. ஒரு வகைக்குள் எல்லாக் கம்பெனிப் பொருளுக்கும் ஏறக்குறைய ஒரே குணம்தான்.

இந்தத் துறையில் இந்தத் தீவு ஏற்கெனவே பெயர் வாங்கிய இடம். மானுடவியலாளர் திமித்ரிஸ் சிகலாதாஸ் குழுவினர் இங்குள்ள தைப்பூசக் காவடியைத் தொடர்ந்து ஆராய்ந்திருக்கிறார்கள். கடுமையான நேர்த்திக்கடனில் பங்கெடுத்தவர்கள் பிறகு அதிகமாக நன்கொடை கொடுத்தார்கள் என்ற கட்டுரை 2013-இல் வந்தது. காவடி எடுத்தவர்கள் உடம்பில் கருவியை மாட்டிக்கொண்டு நடமாடிய ஆய்வு 2019-இல் வந்தது. தீமிதியின்போது இதயத்துடிப்பை அளந்த ஆய்வும் இங்கு நடந்து 2014-இல் வெளியானது. தீ மிதித்தவர்களுக்குத் துடிப்பு வெகுவாக ஏறியிருந்தது. முடிந்தபின் சந்தோஷமாக இருக்கிறது என்றும் அவர்களே சொன்னார்கள். கருவி ஏன் தேவை என்பதற்குக் காவடியே பதில். நாக்கில் வேல் குத்தி மௌன விரதத்தில் நடப்பவரிடம் 'இப்போது எப்படி உணர்கிறீர்கள், ஒன்று முதல் பத்துக்குள் சொல்லுங்கள்' என்று படிவத்தை நீட்ட முடியுமா?

மார்புப் பட்டையில் தொடங்குகிறேன், ஏனென்றால் கடைசியில் நிலைத்தது அதுதான். இதயத்தின் மின்சாரத்தையே நேராகப் பிடிப்பதால் ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி மில்லிநொடிக் கணக்கில் கிடைக்கிறது. இந்த இடைவெளி எவ்வளவு கூடிக் குறைகிறது என்ற துடிப்பு மாறுபாட்டைப் பார்க்கும் ஆய்வுக்கு இது இல்லாமல் முடியாது. சராசரித் துடிப்பு 72 என்று தெரிந்து என்ன பயன்? போலார் எச்10 போன்ற பட்டைகள் பரவியதற்குக் காரணம் இருக்கிறது: நொடிக்கு 130 தடவை இ.சி.ஜி. எடுக்கும், நாணய பேட்டரியில் ஓடும், ஒரு பதிவைத் தன் நினைவிலேயே வைத்துக்கொள்ளும். கடைசியாகச் சொன்னதுதான் களத்தில் பெரிய விஷயம். ஆயிரக்கணக்கான போன்கள் இருக்கும் ஊர்வலத்தில் ப்ளூடூத்தை நம்பிப் போகவே கூடாது. பங்கேற்பாளர் பத்தடி முன்னே போனால் போதும், பதிவு விட்டு விட்டு வரும்.

பட்டையை நனைத்துக் கட்ட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஜனவரி, பிப்ரவரியில் இங்கே வியர்வையே அந்த வேலையைச் செய்துவிடும் என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். வியர்க்கும்வரை முதல் சில நிமிடங்கள் குப்பையாகத்தான் வரும். அந்த நிமிடங்கள்தான் அமைதியாக உட்கார்ந்திருக்கும் அடிப்படைப் பதிவு! குறுகிய காலத் துடிப்பு மாறுபாட்டுக்கு ஐந்து நிமிடப் பதிவு என்று ஐரோப்பிய, வட அமெரிக்க இதயவியல் அமைப்புகளின் குழு 1996-இலேயே வரையறுத்திருக்கிறது. அந்த ஐந்து நிமிடத்தில் ஒரே ஒரு துடிப்பு தவறிப் பதிவானாலும் ஆர்.எம்.எஸ்.எஸ்.டி. என்ற துடிப்பு மாறுபாட்டு அளவு எகிறிவிடும். அது உயர்ந்திருந்தால் ஆள் அமைதியாக இருப்பதாக அர்த்தம் எடுப்பார்கள். கச்சா இடைவெளிகள் கையில் இருந்தால் அந்த ஒரு துடிப்பைக் கண்டுபிடித்துத் திருத்தலாம். முடிந்த எண் மட்டும் இருந்தால், 'இவர் ரொம்ப நிதானமான ஆள்' என்று எழுதிவிட்டுப் போக வேண்டியதுதான்.

காவடியில் பட்டை கட்டுவது தனிக் கலை. ஆண்கள் வெற்று மார்போடு இருப்பார்கள், மார்பிலும் முதுகிலும் ஊசி குத்துவார்கள். எந்த இடத்தில் குத்தப்போகிறார்கள் என்று குத்துபவரிடம் முதல் நாளே பேசிவிட வேண்டும். விரதத்தில் இருப்பவர் இன்னொருவர் உடம்பில் கிடந்த பட்டையைத் தொடமாட்டார். துவைத்தது என்று சொன்னாலும் முகம் சுளிக்கும். இது நியாயமான எதிர்பார்ப்புதான். துணிப்பட்டையை ஆளுக்கு ஒன்று புதிதாகக் கொடுத்து, அதில் மாட்டும் சென்சார் பெட்டியை மட்டும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறோம். பெண்களுக்குப் பெண்தான் கட்டிவிட வேண்டும், அதுவும் மறைவிடத்தில். இந்த ஏற்பாடு இல்லாமல் வரும் குழுவின் தரவில் பெண்கள் குறைவாக இருப்பார்கள். பெண்களுக்கு ஆர்வமில்லை என்று பிறகு காரணம் எழுதுவார்கள்.

இன்னொன்று. மேட்டில் காவடியோடு ஏறுபவரின் துடிப்பு 150-ஐத் தாண்டினால் அது பக்தியா, வலியா, மேடா, வெயிலா? பட்டை மட்டும் இதைச் சொல்லாது. அசைவை அளக்கும் சென்சார் கூடவே வேண்டும், காவடி இல்லாமல் அதே வழியில் நடக்கும் உறவினர் நாலு பேருக்கும் மாட்ட வேண்டும். உறவினருக்கு மாட்டுவதில் இன்னொரு லாபமும் உண்டு. ஸ்பெயினில் சான் பெத்ரோ மான்ரிக்கே என்ற ஊரின் தீமிதியில், மிதிப்பவரின் துடிப்பும் வேடிக்கை பார்க்கும் சொந்தக்காரரின் துடிப்பும் ஒன்றுபோல ஏறி இறங்கியதை 2011-இல் காட்டினார்கள். சம்பந்தமில்லாத பார்வையாளர்களிடம் அது இல்லை. நம் கோயில் வாசலில் தண்ணீர்ச் சொம்போடு நிற்கும் அம்மாக்களைப் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

மணிக்கட்டுக் கருவிக்கு வருகிறேன். மாட்டுவது சுலபம், பங்கேற்பாளருக்குப் பிடிக்கும், நாள் முழுக்கக் கையில் கிடக்கும். தூக்கத்தையும் நடமாட்டத்தையும் வாரக்கணக்கில் பார்க்க இதைவிட வசதி கிடையாது. ஆனால் இது அளப்பது இதயத்தின் மின்சாரத்தை அல்ல. பச்சை ஒளியைத் தோலுக்குள் அனுப்பி ரத்த ஓட்டத்தின் ஏற்ற இறக்கத்தைப் பார்க்கிறது. கை அசைந்தால் ரத்தத்தோடு அசைவும் சேர்ந்து பதிவாகும். உறுமிக்கும் மேளத்துக்கும் கை ஆடுகிறவரிடம் துடிப்பைத் தேடினால் தாளம்தான் கிடைக்கும். கறுத்த தோலில் மெலனின் பச்சை ஒளியை அதிகம் உறிஞ்சிவிடுவதால் திரும்பி வரும் வெளிச்சமும் குறைகிறது. எங்கள் பங்கேற்பாளர்களில் பெரும்பாலோர் என் நிறத்துக்காரர்கள். கருவியை யார் கையில் சோதித்துப் பார்த்து விற்கிறார்கள் என்று வாங்குமுன் கேட்பது இப்போது எனக்குப் பழக்கமாகிவிட்டது. உட்கார்ந்தும் படுத்தும் இருக்கும்போது நம்பலாம், ஊர்வலத்தில் வேண்டாம். ஒரு மாடல் துடிப்பு கிடைக்காத இடங்களை வழுவழுப்பான கோடு போட்டு நிரப்பிக் காட்டியது. கச்சாப் பதிவைக் கேட்டோம், அது கம்பெனி ரகசியம் என்று பதில் வந்தது. அந்தப் பெட்டி இப்போது அலமாரியில்.

தோலின் மின்கடத்தலை அளப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த வேலை, மிகவும் பாடுபடுத்துவதும் அதுவே. மனம் பதறினால் உள்ளங்கை வியர்க்கும். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் எலக்ட்ரோடு ஒட்டி, உணர முடியாத அளவு மின்னழுத்தம் கொடுத்து, தோல் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்று மைக்ரோசீமன்ஸ் என்ற அலகில் பார்க்கிறோம். அதிர்ச்சி தரும் சத்தம் கேட்டால் ஒன்றிலிருந்து மூன்று நொடிக்குள் கோடு மேலேறும். ஆனால் இந்தத் தீவின் கோடையில் உடம்பைக் குளிர்விக்கவே வியர்வை ஊற்றிக்கொண்டிருக்கிறது. மணிக்கட்டில் அளந்தால் பெரும்பாலும் வெயிலைத்தான் அளக்கிறோம். விரலும் உள்ளங்கையும் இதில் எவ்வளவோ மேல். ஏ.சி. அறையில், ஒரே வெப்பநிலையில், பங்கேற்பாளர் வந்து கொஞ்சம் ஆறிய பிறகு மட்டுமே இதை எடுக்கிறோம்.

ஜெல் விஷயத்தில் நிறையப் பேர் அலட்சியமாக இருக்கிறார்கள். இ.சி.ஜி. ஜெல்லில் உப்பு அதிகம்; அதை விரலில் தடவினால் கடத்தல் பொய்யாக ஏறும். இதற்கென்றே உப்பு குறைந்த ஜெல் இருக்கிறது. கையைச் சோப்பு போட்டோ ஆல்கஹால் கொண்டோ துடைக்கக் கூடாது, வெறும் தண்ணீர் போதும். ஒட்டியபின் ஐந்து பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். பிறகு ஒரு ஆழமான மூச்சு இழுக்கச் சொல்வேன். கோடு ஏறினால் பதிவு உயிரோடு இருக்கிறது. கரும்புக் காட்டில் வேலை செய்த கைகளில் விரல் நுனி காய்த்துப்போய் எதுவுமே வராமல் இருப்பதுண்டு. அப்போது அதே விரல்களின் நடுக் கணுவுக்கு மாற்றிப் பார்ப்பேன். சிலருக்கு எங்கே ஒட்டினாலும் கோடு அசையாது. அவர்கள் உடம்பு அப்படி, கருவியைக் குறை சொல்லிப் பயனில்லை.

மூன்று எலக்ட்ரோடு இ.சி.ஜி. பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அறைக்குள் அதற்கு மிஞ்சியது இல்லை. வியர்வையில் ஒட்டு கழன்றுவிடும், மார்பில் முடி இருந்தால் மழிக்க வேண்டும். வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் பதிவில் வந்தால் முதலில் பக்கத்திலிருக்கும் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

ஒவ்வொரு கருவிக்கும் ஒரு கடிகாரம் உண்டு, எதுவும் இன்னொன்றோடு ஒத்துப்போகாது. சில மணி நேரத்தில் பல நொடி விலகிவிடும். பதிவின் தொடக்கத்திலும் முடிவிலும் எல்லாச் சென்சாரையும் ஒரே பையில் போட்டு மூன்று தடவை குலுக்கிக்கொள்கிறோம். அசைவுக் கோட்டில் மூன்று முட்கள் தெரியும், அவற்றை வைத்து எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பொருத்தலாம். எந்த நேரத்தில் என்ன நடந்தது என்று காகிதத்தில் எழுதுவதற்குத் தனியாக ஒரு ஆள் கட்டாயம் வேண்டும். 10:42, தேங்காய் உடைத்தார்கள். 10:50, தண்ணீர் ஊற்றினார்கள். இப்படி ஒரு நோட்டு இல்லாத பதிவைக் கோடாகப் பார்க்கலாம், அர்த்தம் சொல்ல முடியாது.

விளம்பரத்தில் வராத ஒன்று: கருவியை மாட்டியதும் பெரியவர்கள் தங்களுக்கு டாக்டர் சோதனை நடப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். ஒப்புதல் படிவத்தைக் கிரியோலில் வாசித்துக் காட்டி, கையெழுத்தும் வாங்கிய பிறகு, பட்டையைக் கழற்றும்போது ஒரு பாட்டி கேட்பார்: "மோ லெகேர் போன்?" என் இதயம் நன்றாக இருக்கிறதா என்று. நன்றாக இருக்கிறது என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. "பாட்டி, இது ஆய்வுக்கு மட்டும், நோய் பார்க்கிற கருவி இல்லை" என்று மறுபடி சொல்கிறேன். ஆனால் சுத்தம் செய்யும்போது தாளம் தப்பிய துடிப்பு வரிசையாகத் தெரிந்தால் என்ன செய்வது, யார் சொல்வது, எந்த டாக்டரிடம் அனுப்புவது என்பது வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் இருக்க வேண்டும். அது எழுதப்படாத குழுவோடு நான் இப்போது போவதில்லை. 2017-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி உடல்நலத் தகவல் இங்கே தனிப் பாதுகாப்புக்குரியது. அதனால் கருவியோடு வரும் செயலியில் பங்கேற்பாளர் பெயரில் கணக்குத் திறக்கச் சொன்னால் மறுத்துவிடுகிறேன். பெயருக்குப் பதில் குறியீட்டு எண், பதிவு எங்கள் கம்ப்யூட்டருக்கு நேராக.

செலவைப் பொறுத்தவரை கருவியின் விலை பாதிக் கதைதான். துணிப்பட்டை, ஜெல், ஒருமுறை ஒட்டி எறியும் எலக்ட்ரோடு, நாணய பேட்டரி எல்லாம் ஒவ்வொரு பருவத்துக்கும் புதிதாக வேண்டும். எலக்ட்ரோடு பையைப் பிரித்துவிட்டால் ஜெல் காய ஆரம்பித்துவிடும், காலாவதித் தேதியும் உண்டு. கப்பலில் வரவழைத்தால் மலிவு, ஆனால் கன்டெய்னர் சூட்டில் வந்த பெட்டியை நான் நம்புவதில்லை. அடுத்த தைப்பூசத்துக்கு விமானத்தில்தான் வரவழைக்கிறோம். மார்புப் பட்டை எல்லோருக்கும், விரல் எலக்ட்ரோடு அறைக்குள் மட்டும், மணிக்கட்டுக் கருவி தூக்கத்துக்கு.