இமாட்டினிப் சாப்பிடும் சிஎம்எல் நோயாளிகள் கவனத்துக்கு: ‘கவுண்ட் நார்மல்’ போதாது

பாம்பன் பக்கத்து மீனவர் ஒருவருக்கு சிஎம்எல் என்ற நாள்பட்ட ரத்தப் புற்று. அதற்கான மாத்திரையான இமாட்டினிப்பைத் தினமும் 400 மில்லிகிராம் சாப்பிட்டு வந்தார். அவர் போய்வந்த தனியார் லேப் மாதாமாதம் வெள்ளணு எண்ணிக்கையைப் பார்த்து ‘எல்லாம் நார்மல்’ என்றே சொல்லியது. நோயின் பிழை மரபணுவைத் தேடும் பிசிஆர் டெஸ்ட்டுக்கும் பணம் வாங்கியது. ஆனால் கொடுத்த தாளில் இருந்தது ‘பாசிட்டிவ்’ என்ற ஒரே சொல். விடாத காய்ச்சலும் எலும்பு வலியுமாக மதுரைக்குக் கொண்டுபோனபோது ரத்தத்தில் பிளாஸ்ட் என்ற முதிராத செல்கள் 20 சதவீதத்தைத் தாண்டியிருந்தன. நாள்பட்ட நோய் தீவிர ரத்தப் புற்றாக மாறிவிட்டிருந்தது.

நோயைக் கண்டுபிடிக்கும் நாளில் ‘பாசிட்டிவ்’ போதும். மருந்து வேலை செய்கிறதா என்று அறிய அளவு வேண்டும். இந்த நோயில் காணப்படும் பிலடெல்பியா என்ற மாறிப்போன குரோமோசோமில் உருவாகும் அந்தப் பிழை மரபணு எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பது, ஐஎஸ் என்ற சர்வதேச அளவுகோலில் சதவீதமாக ரிப்போர்ட்டில் இருக்க வேண்டும். மருந்து தொடங்கி 3 மாதத்தில் 10 சதவீதத்துக்குள், 6 மாதத்தில் 1க்குள், ஓராண்டில் 0.1க்குள் வருவது நல்லது. 6 மாதத்தில் 10க்கு மேலோ, ஓராண்டில் 1க்கு மேலோ நின்றால் மருந்து தோற்கிறது. வெள்ளணு சீராக இருக்கும்போதே இந்த எண் சத்தமில்லாமல் ஏறும். சதவீதம் போடாமல் பிசிஆருக்குக் காசு வாங்குவது பச்சை ஏமாற்று.

இன்னொன்றையும் ரிப்போர்ட்டில் தேடுங்கள்: மாதிரி தரமானதா என்று பார்க்க உடன் அளக்கும் ஒப்பீட்டு மரபணுவின் பிரதிகள் 10,000க்குக் குறையக் கூடாது. குறைந்தால் மாதிரி கெட்டிருக்கிறது. அப்போது ‘நோய் தெரியவில்லை’ என்று வந்தாலும் நம்ப முடியாது. நம் கடற்கரையிலிருந்து ரத்தம் வெளியூர் லேபுக்குத்தான் போகிறது. ஊதா மூடிக் குழாயில் எடுத்து, ஐஸாக உறையவிடாமல் குளிர்ச்சியாக, ஒன்றிரண்டு நாளுக்குள் சேர்க்க வேண்டும். சனிக்கிழமை கொடுக்காதீர்கள், ஞாயிறு முழுக்கக் கூரியரில் கிடக்கும்.

எண் ஏறினால் மருத்துவர் முதலில் கேட்பது மாத்திரை விட்டுப்போனதா என்பதைத்தான். மறைக்காமல் சொல்லுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் கையில் காசில்லாமல் ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தங்கு கடலுக்குப் போகும்போது மாத்திரையைக் கரையிலேயே விட்டுப் போகிறவர்களும் உண்டு. மருந்து குறைந்தால் அதற்குக் கட்டுப்படாத எதிர்ப்புள்ள செல்கள் தலைதூக்கும். சாப்பாட்டோடு, ஒரு பெரிய டம்ளர் தண்ணீருடன் விழுங்கினால் குமட்டல் குறையும்.

மாத்திரை தவறாமலும் எண் ஏறினால் மரபணு மாற்றப் பரிசோதனை கேளுங்கள். டி315ஐ என்ற மாற்றம் இருந்தால் இமாட்டினிப்பும், அதே வகை மாத்திரைகளான டாசாட்டினிப், நிலோட்டினிப்பும் மூன்றுமே பலிக்காது. போனாட்டினிப் அல்லது அசிமினிப் தேவைப்படும். நாள்பட்ட நிலையில் இருக்கும்போதே மருந்தை மாற்றினால் நோயைப் பிடித்துவிடலாம். அந்த மீனவருக்கு வந்ததுபோல் தீவிரமான பிளாஸ்ட் கட்டம் வந்தபின் கீமோ, எலும்பு மஜ்ஜை மாற்று என்று பாதை கடினமாகிவிடும்.

இடது விலாவுக்குக் கீழ் மண்ணீரல் வீக்கம், இரவு வியர்வை, ஈறில் ரத்தக் கசிவு, காரணமில்லாத எடை இழப்பு இருந்தால் அடுத்த தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எழுதினால் இமாட்டினிப் சாப்பிடுவதை அங்கேயே சொல்லிவிடுங்கள். அது ரத்தத்தில் இமாட்டினிப் அளவை வெகுவாகக் குறைத்துவிடும்.